அண்டைத் தீவும் அனுமதிச் சீட்டும்

ஒரு நாட்டின் எல்லையில் வந்து நிற்பானை நோக்கி, 'நீ யார்? எங்கிருந்து வருகின்றாய்? எதன்பொருட்டு வருகின்றாய்? எப்பொழுது திரும்புவாய்?' என்று வினவும் உரிமை அந்நாட்டு அரசாங்கத்திற்கு உண்டு. இதனை மறுப்பார் ஒருவருமிலர். வீட்டிற்குக் கதவு எத்துணை இன்றியமையாததோ, நாட்டிற்கு எல்லைக் காவலும் அத்துணை இன்றியமையாதது. ஆயின், வாயில் காப்பவன் கள்வனையும், கடன் கேட்க வருவானையும், உடன்பிறந்தாளையும் ஒரே குரலில் அதட்டுவானாயின், அவ்வீட்டின் பெருமை குன்றுமேயன்றி வளராது. இதனை மனத்திற்கொண்டு, நம் தமிழகத்திற்கு மிக அண்மையிலுள்ள இலங்கைத் தீவிற்குச் செல்லும் பிரயாணிகட்கு விதிக்கப்பெறும் நுழைவு விதிகளைப்பற்றிச் சில கூற விரும்புகின்றோம். அயலாரை அளக்கும் கோலால் அண்டையாரை அளத்தல் தகாது என்பதே யாம் இக்கட்டுரையில் நிலைநாட்டப் புகுந்த கொள்கை.

'ஆவடியிலும் அம்பத்தூரிலும் வாழ்வோர்க்குக் கடல்கடந்த பிரயாணத்தைப்பற்றி என்ன கவலை?' எனச் சிலர் வினவலாம். முன்னாளில் அவ்வினா பொருத்தமுடையதாய் இருந்திருக்கலாம். இன்றோ, ஆவடியின் கனரக ஊர்தித் தொழிற்சாலையிலும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் உழைக்கும் குடும்பத்தினர், பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளைக்கொண்டு ஒருமுறையேனும் வெளிநாடு கண்டுவர விழைகின்றனர். அவர்கள் எண்ணத்தில் எளிதில் தோன்றும் நாடுகளுள் ஒன்று இலங்கை. மீனம்பாக்கத்தில் எழுந்த விமானம் ஒன்றரை மணி நேரத்திற்குள் கொழும்பையடுத்த கட்டுநாயக்காவில் இறங்கிவிடுகின்றது. பூவிருந்தவல்லியில் பஸ் ஏறியவன் அந்நேரத்திற்குள் வேலூரைக் காண்பதும் அரிது. 2024-ம் ஆண்டில் அத்தீவிற்குச் சென்ற வெளிநாட்டுப் பிரயாணிகள் 20 லட்சத்திற்கு மேற்பட்டோர். அவருள் 4 லட்சத்திற்கு மேற்பட்டோர் இந்தியர். வேறெந்த நாட்டினரும் அத்தொகையை எட்டவில்லை. எனவே இது செல்வர் சிலருக்கே உரிய விஷயமன்று. நம் தெருக்களில் வாழ்வாருடைய விஷயமுமாகும்.

முதற்கண் சொற்பொருளைத் தெளிந்துகொள்வோம். 'பாஸ்போர்ட்' என்னும் கடவுச்சீட்டு, ஒருவன் இன்ன நாட்டின் குடியென்று அவனுடைய சொந்த அரசாங்கம் தரும் சான்று. 'விசா' என்னும் நுழைவனுமதியோ, அவன் செல்லவிருக்கும் நாடு அவனுக்கு அளிக்கும் இசைவு. முன்னது பெற்றோர் எழுதித் தரும் அறிமுகக் கடிதத்தை ஒக்கும். பின்னது விருந்தோம்புவார் கூறும் மறுமொழியை ஒக்கும். இலங்கைக்குச் செல்வார் புறப்படுமுன்பே இணையவழி விண்ணப்பித்து முன்னனுமதி பெறும் முறை 2012-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில் தொடங்கிற்று. சுற்றுலாவிற்கென அவ்வனுமதி பெற்றவர் பொதுவாக 30 நாள் தங்கலாம். மேலும் தங்க வேண்டின், அந்நாட்டுக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் விண்ணப்பித்து நாளை நீட்டித்துக்கொள்ளலாம். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமேனும் செல்லத்தக்கதாய் இருத்தல் வேண்டும். திரும்புதற்குரிய பயணச்சீட்டும், தங்கும் நாட்களுக்குப் போதிய பொருளும் கைவசம் இருத்தல் வேண்டும். ஊதியம் பெற்றாயினும் பெறாதாயினும் எத்தொழிலும் செய்தலாகாது.

இவற்றுள் கொடியது என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. விருந்தினனாய் வந்தவன் குறித்த நாளில் திரும்புவதும், வந்தவிடத்தில் பிறர் பிழைப்பைப் பறியாதிருப்பதும் நல்லொழுக்கமேயாம். அங்ஙனமாயின் குறைதான் யாதெனின், இரண்டு கூறுவோம். ஒன்று, அவ்விதிகள் நிலைத்து நில்லாமை. மற்றொன்று, 'சுற்றுலா' என்னும் ஒரே சொல்லிற்குள் எல்லாரையும் அடைத்துவிடுதல்.

முதற்குறையை முதலில் நோக்குவோம். 2019-ம் ஆண்டு உயிர்த்தெழுந்த திருநாளாகிய ஏப்ரல் 21-ந் தேதியன்று, கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்கொடுஞ்செயலுக்குப்பின் பிரயாணிகளின் வரவு குன்றவே, அவ்வாண்டிலேயே இந்தியா உள்ளிட்ட பல நாட்டினர்க்கு விசாக் கட்டணம் நீக்கப்பெற்றது. அடுத்த ஆண்டில் கொள்ளைநோய் வந்து கதவு முழுவதும் அடைபட்டது. 2022-ம் ஆண்டில் அந்நாட்டுப் பொருளாதாரமே சரிந்தது. எரிபொருளுக்கும் மருந்துக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். அச்சரிவினின்றும் மீளும்பொருட்டு 2023-ம் ஆண்டின் இறுதியில் இந்தியா, சீனம், ருஷ்யா, ஜப்பான், மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து ஆகிய ஏழு நாட்டினர்க்குக் கட்டணமின்றி அனுமதி தரப்பெற்றது. சில மாதங்களே கழிந்தன. 2024 ஏப்ரலில் பழைய இணையவழி முறை நீங்க, விசா வழங்கும் பணி வெளியாரிடம் ஒப்படைக்கப்பெற்றது. சேவைக் கட்டணம் என ஒன்று மேலும் சேர்ந்தது. மக்கள் கிளர்ச்சி எழ, வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. ஆகஸ்டு மாதத்தில் நீதிமன்றம் அப்புதிய முறையை நிறுத்திவைத்துப் பழைய முறையையே மீட்கக் கட்டளையிட்டது. அக்கட்டளையை நிறைவேற்றாமையால், செப்டெம்பர் மாதத்தில் அத்திணைக்களத்தின் தலைமை அதிகாரியே விளக்கமறியலில் வைக்கப்பெற்றார். ஆறாண்டிற்குள் இத்துணை மாற்றங்கள்!

இம்மாற்றங்களால் யாருக்குத் துன்பம்? பெரும் பொருளுடையான் ஒரு முகவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு அமைதியாய் உறங்குவான். ஆலைத்தொழிலாளியோ, விடுமுறைக்குப் பல மாதம் முன்பே மலிவான பயணச்சீட்டை வாங்கிவைத்தவன். இன்றுள்ள விதி அன்று இருக்குமா என்பதை அவன் அறியான். விண்ணப்பத்தின் ஆங்கிலமும் அவனுக்கு எளிதன்று. அரசாங்கத்தின் தளத்தைப்போலவே தோற்றமளிக்கும் போலித் தளங்கள் இணையத்தில் மலிந்துள்ளன. அவை கட்டணமில்லாத விடத்தும் கட்டணம் பெறும். கட்டணமுள்ள விடத்து இரட்டிப்பாகப் பெறும். விதி அடிக்கடி மாறுந்தோறும் தரகனுடைய கடை செழிக்கின்றது. கட்டணம் சிறிது மிகுதியாயினும், ஐந்தாண்டிற்கு மாறாத விதியே ஏழைக்கு நன்று. இன்று இலவசம், நாளைக் கட்டணம், மறுநாள் வழக்கு என்னும் நிலை, ஒருநாள் சிரித்து மறுநாள் முகந்திருப்பும் உறவினர் வீட்டை ஒக்கும். அங்கே செல்வதற்கு யார்தாம் மனம் துணிவர்?

இரண்டாவது குறை இதனினும் ஆழ்ந்தது. இலங்கையின் அனுமதி முறையில், காட்சி காணச் செல்வாரும் சுற்றத்தாரைக் காணச் செல்வாரும் ஒரே சுற்றுலா வகையினராகவே கொள்ளப்பெறுகின்றனர். கண்டிமாநகரின் பெரஹரா ஊர்வலத்தைப் படம்பிடிக்கச் செல்லும் ஜெர்மானியர் ஒருவரும், ஹட்டனில் வாழும் தமையனைக் காணச் செல்லும் நீலகிரிப் பெண் ஒருத்தியும் விதியின் கண்ணில் ஒரே தன்மையர். உண்மையில் அவ்விருவரும் ஒருவராவரோ?

1964-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்படிக்கையை நினைவுகூர்தல் இவ்விடத்துப் பொருந்தும். மலைநாட்டுத் தோட்டங்களில் வாழ்ந்த நாடற்ற தமிழருள் 5,25,000 பேர் இந்தியாவிற்கும், 3,00,000 பேர் இலங்கைக்கும் என அன்று பங்கிடப்பெற்றனர். எஞ்சிய 1,50,000 பேரின் வழக்குப் பின்னர்த் தீர்க்கப்படும் என்று விடப்பெற்றது. நிலத்தைப் பங்கிடுவதுபோல மக்களைப் பங்கிட்டமையால், தந்தை இக்கரையிலும் மகன் அக்கரையிலும், அக்காள் கூடலூர்த் தோட்டத்திலும் தங்கை நுவரெலியாத் தோட்டத்திலும் ஆகிய குடும்பங்கள் பல. இவர்கள் கடல் கடப்பது காட்சி காண்பதற்கோ? தாயைப் புதைத்த மேட்டில் ஒரு விளக்கேற்றுதற்கும், தமையன் மகளின் மணத்தில் ஒரு வேளை உண்பதற்குமன்றோ? அதனைச் 'சுற்றுலா' என்று எழுதுவிக்கும் விதி, சொல்லால் அவர்தம் உறவையே மறைத்துவிடுகின்றது. மடு மாதா திருத்தலத்திற்கும், நல்லூர்க் கந்தன் திருவிழாவிற்கும், கதிர்காமத்திற்கும் நேர்ச்சையோடு செல்வார் நிலையும் ஏறத்தாழ இஃதே.

இனி, முன்னாளில் இப்போக்குவரவு எவ்வாறிருந்தது என்பதைச் சிறிது காண்போம். 1914-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் பாம்பன் இருப்புப்பாலம் திறக்கப்பெற்றது. அதன்பின், எழும்பூரில் புகைவண்டி ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக்கப்பலில் இருபது மைலுக்குச் சற்று மேற்பட்ட கடலைக் கடந்து, தலைமன்னாரில் மீண்டும் புகைவண்டி ஏறிக் கொழும்பு சேர்ந்தனர். சென்னையில் வாங்கிய ஒரே சீட்டு கொழும்புவரை செல்லும். 'போட் மெயில்' என்று நம் பாட்டன்மார் வழங்கியது இதனையே. 1948 பிப்ரவரி 4-ந் தேதி இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டிலேயே குடியுரிமைச் சட்டம் ஒன்றும், குடிவரவு குடியகல்வுச் சட்டம் ஒன்றும் இயற்றப்பெற்றன. முன்னது மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. பின்னது கடலின்மேல் விசாவென்னும் கோட்டை வரைந்தது. 1964 டிசம்பரில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. இராமேசுவரத்தினின்று சென்ற கப்பலும் 1980-க்குப்பின் மூண்ட போரால் நின்றொழிந்தது.

இதனைக் கூறுமிடத்து, 'அந்நாள் பொன்னாள்; இந்நாள் இருண்ட நாள்' என்று புலம்புவாரோடு யாம் உடன்படுகிலோம். அந்நாளிலும் வாயில் எல்லார்க்கும் ஒரே அளவில் திறந்திருக்கவில்லை. தோட்டக் கூலிகளாய்ச் சென்ற ஏழைகள் மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாமில் நிறுத்தப்பெற்று, காலராவும் பிளேக்கும் இல்லையென்று கண்ட பின்னரே கடல் கடக்க விடப்பெற்றனர். உயர்ந்த வகுப்பில் அமர்ந்த துரைமார்க்கு இக்காத்திருப்பு இல்லை. ஆகவே எழுதப்பெற்ற விதி இல்லாத காலமே நீதியான காலம் என்பது பிழை. எழுதப்பெற்ற விதி, செல்வனையும் ஏழையையும் ஒப்ப நடத்துமாயின், எழுதாத வழக்கத்தினும் சிறந்ததே. யாம் வேண்டுவது விதியின் நீக்கம் அன்று, அதன் திருத்தம்.

தமிழ் பயிலும் நமக்கு இக்கடற்பாதை மற்றொரு வகையாலும் நெருங்கியது. சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாய் விளங்கியவர் யாழ்ப்பாணத்தினராகிய சி. வை. தாமோதரம் பிள்ளையும் கறோல் விசுவநாத பிள்ளையும் ஆவர். இருவரும் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய வட்டுக்கோட்டைக் கலாசாலையில் பயின்றவர்கள். தாமோதரம் பிள்ளை ஏட்டிலிருந்த கலித்தொகையை 1887-ம் ஆண்டில் அச்சேற்றி, சென்னையிலேயே 1901-ல் உயிர்நீத்தார். 1862-ல் சென்னையில் பேரகராதியை வெளியிட்ட வின்ஸ்லோ பாதிரியாரும் யாழ்ப்பாணத்தில் தொண்டாற்றிய பின்னரே இங்கு வந்தவர். மட்டக்களப்புப் பகுதியினராகிய விபுலாநந்த அடிகள் 1931-ல் அண்ணாமலைச் சர்வகலாசாலையில் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்து, பின்னர் இலங்கைச் சர்வகலாசாலையிலும் அப்பதவியை வகித்தார். இவர்கள் இவ்வாறு வந்தும் போயும் இராராயின், நம் பாடப்புத்தகங்களிற் சில இன்று நம் கையில் இரா. கடலின் இருகரையும் ஒரு தமிழ்க் கூடமாயிருந்தமையால் விளைந்த பயன் இது. நாளை அத்தகைய ஒரு மாணவன் ஓர் ஏட்டைத் தேடி அக்கரைக்குச் செல்வானாயின், அவனும் 30 நாட்சுற்றுலாப் பிரயாணியாகவே செல்லுதல் வேண்டுமோ?

'விசாவின்றி அண்டை நாட்டாரை விடுதல் கனவு' என்பார்க்குக் கண்கூடான ஒரு சான்று காட்டுவோம். இராமேசுவரத்தினின்று ஏறத்தாழ 12 கடல்மைல் தொலைவில் கச்சதீவு என்றொரு சிறு தீவு உளது. அதன் பரப்பு ஏறத்தாழ 285 ஏக்கர். குடிநீர் இல்லை, நிலையாய்க் குடியிருப்பாரும் இல்லை. புனித அந்தோணியார் ஆலயம் ஒன்றே அதற்கு அணிகலம். 1974-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் இந்தியாவும் இலங்கையும் கையொப்பமிட்ட உடன்படிக்கையால் அத்தீவு இலங்கையின் பாற்பட்டது. அவ்வுடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே கச்சதீவிற்குச் சென்று வரலாம் என்றும், அதன்பொருட்டுப் பிரயாணப் பத்திரமோ விசாவோ இலங்கையினிடத்துப் பெற வேண்டுவதில்லை என்றும் கூறுகின்றது. தீவு கைமாறியது தகுமா, மீன்பிடிக்கும் உரிமை யாது என்னும் வழக்குகள் வேறு. அவற்றுள் யாம் ஈண்டுப் புகவில்லை.

ஆண்டுதோறும் தவக்காலத்தையொட்டி அங்கு இரண்டு நாள் திருவிழா நிகழ்கின்றது. தமிழகத்து யாத்திரிகர் முன்னரே பெயர் பதிவு செய்து, அடையாளச் சான்று காட்டி, சுங்கச் சோதனைக்கு உட்பட்டு, இராமேசுவரத்தில் படகேறுகின்றனர். யாழ்ப்பாணத்தினின்றும் நெடுந்தீவினின்றும் அக்கரையார் வருகின்றனர். கொடியேற்றமும், சிலுவைப்பாதையும், இரவில் தேர்ப்பவனியும், மறுநாட் காலையில் திருப்பலியும் நிகழ்கின்றன. தமிழிலும் சிங்களத்திலும் வேண்டுதல் எழுகின்றது. இருகரை மீனவரும், கடலில் ஒருவர் வலையை ஒருவர் பழிப்பவரேயாயினும், அங்கே ஒரே மணலில் அமர்ந்து உண்கின்றனர். போர்க்காலத்தில் பல ஆண்டுகள் இத்திருவிழா தடைப்பட்டிருந்தது; போர் ஓய்ந்தபின் மீண்டும் தழைத்தது; 2016 டிசம்பரில் புதிய ஆலயமும் அங்கே நேர்ந்தளிக்கப்பெற்றது. ஆயிரக்கணக்கானோர் விசாவின்றி ஓர் அயல்நாட்டு மண்ணில் இறங்கி, இரண்டாம் நாள் ஒழுங்காய்த் திரும்புகின்றனர். காவலும் உண்டு, கணக்கும் உண்டு, கட்டணமும் கடவுச்சீட்டும் மாத்திரம் இல்லை. ஒரு தீவில், ஒரு விழாவில் இயல்வது, மற்றொரு துறைமுகத்தில் ஒரு வாரத்திற்கு ஏன் இயலாது?

இதற்கு மூன்று தடைகளை எழுப்புவர். முதலாவது, பாதுகாப்பு. 2019-ம் ஆண்டின் கொடுமையைக் கண்ட நாடு அஞ்சுவது இயல்பே. ஆயின் அக்குண்டுகளை வெடித்தவர் அந்நாட்டினரே. விசா பெற்று வந்த விருந்தினர் அல்லர். சோதனை வேண்டுமெனின் பெயர்ப்பதிவாலும் துறைமுகச் சோதனையாலும் அதனைச் செய்யலாம் என்பதற்குக் கச்சதீவே சான்று. இரண்டாவது, சுற்றுலா என்று சொல்லி வந்து தொழில் செய்வர் என்பது. அங்ஙனம் செய்வார் சிலர் உளர், இருகரையிலும் உளர். தவறு செய்தானைத் தண்டித்தல் வேண்டும். அவனை எண்ணித் தாயைக் காணச் செல்லும் மகளைத் தடுத்தலாகாது. மூன்றாவது, சிறிய நாட்டிற்குப் பெரிய அண்டை நாட்டின்மேல் உள்ள அச்சம். இவ்வச்சத்தை இகழாது மதித்தல் நம் கடன். 2 கோடியை யொட்டிய மக்களையுடைய தீவு, 140 கோடி மக்களையுடைய நாட்டை நோக்கும்பொழுது, 'வாயிலை முழுவதும் திறந்துவிட்டால் என்னாவது?' என்று எண்ணாதிருத்தல் அரிது. ஆதலினால்தான் எல்லையற்ற உரிமையை யாம் கேட்கவில்லை. நாளும் துறைமுகமும் வரையறுத்த சிறு சலுகையையே வேண்டுகின்றோம்.

இதற்கு முன்மாதிரியும் உண்டு. நேபாளத்திற்கு இந்தியர் விசாவின்றிச் செல்கின்றனர். பூட்டானுக்குக் கடவுச்சீட்டு இல்லாதவரும் வாக்காளர் அடையாளச் சீட்டைக் காட்டி அனுமதி பெறுகின்றனர். மாலத்தீவோ எந்நாட்டுச் சுற்றுலாப் பிரயாணிக்கும் வந்திறங்கியவுடன் கட்டணமின்றி 30 நாள் அனுமதி தருகின்றது. மலையிலும் கடலிலும் பிற அண்டையாரோடு இயன்றது, பாக்குநீரிணையில் மாத்திரம் இயலாதென்பது ஏற்புடைத்தன்று.

இத்துணையும் அக்கரையாரை நோக்கிக் கூறினோம். இனி இக்கரையாராகிய நம்மையும் நாம் நோக்குதல் வேண்டும். 2015-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி, தமிழரும் சிங்களரும் புத்தாண்டு கொண்டாடும் நாளில், இலங்கையர்க்கு இணையவழிச் சுற்றுலா விசாவை இந்தியா தொடங்கிற்று. நற்செயல் அது. ஆயினும் விசா மாத்திரம் விருந்தோம்பல் ஆகாது. 2012-ம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், முறையான அனுமதியோடு வந்து பூண்டி மாதா ஆலயத்தில் தங்கியிருந்த இலங்கை யாத்திரிகர் 180 பேர்க்கு மேற்பட்டோர், எதிர்ப்பாளர் கிளர்ச்சியால் பாதியில் வழிபாட்டை விட்டு ஊர் திரும்ப நேர்ந்தது. விமான நிலையத்திற்குச் செல்லும் வழியில் திருச்சிராப்பள்ளியை யடுத்து அவர்தம் பஸ்களும் தாக்கப்பெற்றன. அவருள் பெண்டிரும் சிறுவரும் இருந்தனர். இலங்கையில் தமிழர் பட்ட துன்பத்தை எண்ணி நெஞ்சு கொதித்தல் இயல்பே; எமக்கும் அக்கொதிப்பு உண்டு. ஆயின் செபமாலையோடு வந்தவர்மேல் கல்லெறிவதால் முள்ளிவாய்க்காலில் மாண்டவர்க்கு எந்நீதி கிட்டிற்று? முத்திரை பதித்த விசாவைக் கையிற்கொண்டு வந்த விருந்தினர் அஞ்சி ஓடிய அந்நாள், விருந்தோம்பலுக்கென ஓரதிகாரம் வகுத்த வள்ளுவர் பிறந்த நாட்டிற்கு நாணத்தக்க நாளேயாகும். அதுபோலவே, சிறைப்பட்ட தோழர்பொருட்டு 2024 பிப்ரவரியில் இராமேசுவரத்து மீனவர் கச்சதீவுத் திருவிழாவையே புறக்கணிக்க நேர்ந்ததும் வருந்தத்தக்கது. விசா வேண்டாத வாயிலும் மனக்கசப்பால் அடைபடும் என்பதை இவ்விரண்டு நிகழ்ச்சியும் உணர்த்துகின்றன.

இன்னும் ஒன்று. நம் அம்பத்தூருக்கு அணித்தாய், புழலேரியையடுத்த காவாங்கரையில் இலங்கைத் தமிழ் ஏதிலியர் முகாம் ஒன்று உளது. அங்கே வாழ்வாரிற் பலர் விசா கேட்டு வந்தவரல்லர். உயிர் காக்கப் படகேறி வந்தவர்கள். 2015-ம் ஆண்டு ஜனவரி 9-ந் தேதிவரை இந்தியாவிற்கு வந்து பதிவு செய்துகொண்ட இத்தகையோரை, கடவுச்சீட்டும் விசாவுமின்றித் தங்கியதற்கான தண்டனையினின்றும் இந்திய அரசாங்கம் 2025 செப்டெம்பரில் விலக்கிற்று. அதனை வரவேற்கின்றோம். எனினும் தண்டனை நீங்குவது ஒன்று. குடியுரிமை பெறுவது மற்றொன்று. முகாமிற் பிறந்து வளர்ந்த இளைஞன் ஒருவன், நம்மைப்போல ஒரு விடுமுறையில் யாழ்ப்பாணத்தைக் கண்டு மீள விரும்பினால், இந்தியக் கடவுச்சீட்டு அவனுக்கு இல்லை. இலங்கைச் சீட்டுப் பெற்றுச் சென்றால் மீண்டும் இங்கு வர இயலுமோ என்ற ஐயம் அவனை வாட்டும். நாம் காட்சிக்காகச் செல்லும் ஊர் அவனுக்குப் பாட்டன் ஊர். நம்மால் ஒரு திங்களில் எய்தக்கூடியது அவனுக்குக் கனவு. விசாக் கட்டணம் சில டாலர் கூடிற்று என்று நாம் முறையிடும்பொழுது, இவனையும் நினைத்தல் தகும்.

ஆகவே யாம் வேண்டுவன இவை. முதலாவது, நுழைவு விதிகளை ஆண்டிற்கொருமுறை மாற்றாது, ஐந்தாண்டிற்கேனும் நிலைத்து நிற்குமாறு இலங்கை அரசாங்கம் வகுத்தல் வேண்டும். மாற்றம் நேரின், முன்னரே பதிவு செய்தவர்க்குப் பழைய விதியே செல்லுதல் வேண்டும். இரண்டாவது, விண்ணப்பமும் அறிவிப்பும் இருகரைத் துறைமுகங்களிலும் தமிழிலும் சிங்களத்திலும் எளிய நடையில் கிடைத்தல் வேண்டும். மூன்றாவது, உறவினரைக் காணவும் திருத்தலங்களை வழிபடவும் செல்வாரைச் சுற்றுலாப் பிரயாணிகளினின்று வேறு பிரித்து, அடையாளச் சான்றும் பெயர்ப்பதிவும் மாத்திரம் கொண்டு ஒரு வாரம் சென்று வரத்தக்க ஒரு சிறு சீட்டை இரு அரசாங்கமும் ஒருவர்க்கொருவர் வழங்குதல் வேண்டும். 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடலுற்ற நாகப்பட்டினம் காங்கேசன்துறைக் கப்பலில் இதனை முதற்கண் நடத்திப் பார்க்கலாம். கப்பலில் ஏறுவார் தொகை அளவுட்பட்டது, இறங்குந்துறை ஒன்றே, ஆதலின் கணக்கு வைத்தல் எளிது. நான்காவது, முகாமில் வாழ்வார் தம் மூதூரைக் கண்டு மீள்தற்கு ஒரு திரும்புரிமைப் பத்திரத்தை இந்திய அரசாங்கம் அளித்தல் வேண்டும்.

அரசாங்கங்கள் செய்யத்தக்கவை இவை. மாணவராகிய நாம் செய்யத்தக்கதும் உண்டு. நம் அயல்வீட்டார் அத்தீவிற்குப் புறப்படின், தரகரைத் தேடவிடாது, அரசாங்கத்தின் மெய்யான தளத்தைக் காட்டி விண்ணப்பத்தை நிரப்பித் தருவோமாக. ஒரு மணி நேர உதவி அது. அங்குச் செல்லுங்கால் குறித்த நாளில் திரும்பி, அந்நாட்டின் சட்டத்தையும் வழிபாட்டிடங்களையும் மதித்து நடப்போமாக. ஒருவன் செய்யும் தவறு அவனுக்குப்பின் வருவார் ஆயிரவர்க்கு வாயிலை அடைக்கும். அங்கிருந்து இங்கு வருவார், தமிழராயினும் சிங்களராயினும் முஸ்லிம்களாயினும், வேளாங்கண்ணிக்கு வரினும், புத்தகயைக்கு வழியில் எழும்பூரில் தங்கினும், சிகிச்சைக்கென நம் வைத்தியசாலைகளுக்கு வரினும், அஞ்சாது நம் தெருவில் நடக்குமாறு பார்த்துக்கொள்வோமாக. எல்லையில் இடும் முத்திரை 30 நாளைக்கே செல்லும். மக்கள் ஒருவர்க்கொருவர் காட்டும் நேர்மையே, அந்நாளை நீட்டிக்கவும் அவ்விதியைத் தளர்த்தவும் வல்லது.